ஆரணிக்கு ஒரு லாகின்

"ஆரணி நண்பர்கள் சோதனை செய்து உதவினார்கள்." ஊடை என்ற மென்பொருளின் வரலாறு என்று இணையத்தில் யாரோ எழுதி வைத்திருக்கும் நீண்ட பக்கத்தில் எங்களைப் பற்றி இருப்பது இந்த ஒரு வரிதான். நான் ஓய்வு பெற்ற டிசைன் சென்டரில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் அதைப் போனில் காட்டி, அப்போது நீங்கள் எல்லாம் டெஸ்டிங் ஆளா சார் என்று கேட்டார்கள். கேட்டதில் கேலி எதுவும் இல்லை. எனக்குத்தான் அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அதே பக்கத்தில் முதல் வெளியீட்டின் ஆண்டும் தவறு. திருத்தச் சொல்லி எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். வருடம் தவறாமல் நான் எழுதி வரும் டைரி ஆதாரம் ஆகாதாம். இணையத்தில் இருந்தால்தான் ஆதாரமாம். அவர்கள் காட்டிய இணைய ஆதாரம், அதே பக்கத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதியது. ஆண்டைப் பற்றி நான் இனிச் சண்டை போடப் போவதில்லை. அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும், எனக்குத் தெரிந்ததை வரிசை மாறாமல் எழுதி வைக்கிறேன்.

நான் ஜக்கார்டு டிசைன் வேலைக்கு வந்தது 1989இல். பட்டுச் சேலையின் பார்டரில் வரும் பூவையும் மயிலையும் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவது என் வேலை. தாளில் ஒரு வரிசை என்றால் தறியில் ஓர் அட்டை. தாளில் நிரப்பிய கட்டம் அட்டையில் ஓட்டையாகும். ஓட்டை இருக்கும் இடத்தில் தறிக்கு மேல் இருக்கும் பெட்டியின் கொக்கி இழையைத் தூக்கும். இதைத் தவிர அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பென்சில், அழிரப்பர், கழுத்து வலி.

1997இல் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். டிசைன் போடும் மென்பொருளோடு தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டும் வந்தது. பிரிண்டர் வயரைச் செருகும் இடத்தில் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். 2001 ஐப்பசி மழையில் இடி விழுந்து பூட்டு எரிந்துபோனது. பூட்டு மட்டும் தனியாகக் கிடைக்காது, மென்பொருளையே மறுபடி வாங்க வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளி பீரோவிலிருந்து கிராப் தாள் கட்டை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பாலிடெக்னிக் விரிவுரையாளர் முருகேசன் சார் ஒரு சிடியோடு வந்தார். சென்னையில் சில பேர் ஜக்கார்டு டிசைனுக்கு இலவசமாக ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள், பெயர் ஊடை, பூட்டு கிடையாது, உள்ளே இருக்கும் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் போட்டுப் பார்த்தபோது மயில் வந்தது. கழுத்து கொஞ்சம் கோணல்; இருந்தாலும் மயில்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலிடெக்னிக் லேபில் ஆரணிக் குழு கூட ஆரம்பித்தது. என்னைப் போல டிசைன் போடுகிறவர்கள், சில மாணவர்கள், முள்ளிப்பட்டில் மின்சார மெஷின் வைத்து அட்டை அடித்துக் கொடுக்கும் நாகராஜ். முருகேசன் சார்தான் தலைவர். அவர் தலைவர் இல்லாத எந்தக் கூட்டத்துக்கும் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது சென்னைக்காரர்களைப் பற்றி. நான்கு பேர். நிரல் இருக்கும் சர்வரில் கை வைக்கும் உரிமை அந்த நான்கு பேருக்கு மட்டும். அந்த உரிமைக்கும், அதை வைத்து ஒவ்வொரு முறை சேர்ப்பதற்கும் கமிட் என்றுதான் பெயர். மற்றவர்கள் திருத்தம் செய்ய விரும்பினால், பழைய வரி எது புதிய வரி எது என்று காட்டும் சிறிய கோப்பு ஒன்றைத் தயாரித்து, ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போகும் மடற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அது பேட்ச். நால்வரில் ஒருவர் படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டால் தன் லாகினில் உள்ளே சேர்ப்பார். ஒப்புக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் பதிலே வராது.

அனுப்புவதற்கு முறைகள் இருந்தன. ஒரு பேட்சில் ஒரு திருத்தம்தான். கோப்பை இணைப்பாக அனுப்பக் கூடாது, மடலுக்குள்ளேயே ஒட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அடுத்தவர் எழுதியதற்குப் பதிலை அதற்குக் கீழேதான் எழுத வேண்டும். இன்னொருவர் மடலுக்கு மேலே நான் எழுதி அனுப்பிய முதல் மடலில் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, எங்கள் ஊரைப் பற்றி நான்கு வரி எழுதி, அதன் பிறகு கேள்வியைக் கேட்டிருந்தேன். மேலே எழுதாதீர்கள் என்று ஒரு வரி பதில் வந்தது. கேள்வியைக் கீழே எழுதி மறுபடி அனுப்பினேன். இது ஏற்கெனவே பேசப்பட்டது, தேடிப் பார்க்கவும் என்று இன்னொரு வரி வந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். ஏற்கெனவே என் கேள்வியைக் கேட்டிருந்த ஒருவருக்கும் தேடிப் பார்க்கவும் என்றுதான் பதில் போயிருந்தது.

இந்தப் பதில்களை எழுதியவர் ரகு. நால்வரில் தலைவர் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அவர்தான் தலைவர். அவருக்குக் கோபமே வராது என்பதுதான் எங்களுக்கு அவர் மேல் இருந்த பெரிய கோபம். ஒரு முறை நாகராஜ் பொறுமை இழந்து, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு மடல் அனுப்பிவிட்டான். அந்தத் திட்டுகளுக்கு நடுவில் ஒரு பக்க அளவு சரியாக அச்சாகவில்லை என்ற குறையும் இருந்தது. ரகு மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, அந்தக் குறையை மட்டும் எடுத்துப் போட்டு, அதற்குக் கீழே "அடுத்த வெளியீட்டில் சரியாகும்" என்று எழுதியிருந்தார். சரியாகவும் ஆனது. அப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது? பகலில் ஒரு கம்பெனியில் வேலை, சர்வர் செலவு அவர் கைக்காசு, வருகிற மடல் அத்தனையும் அவர் படிக்கிறார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் குறையவில்லை. நாகராஜ் அந்த நால்வருக்கும் வைத்த பெயர் மாடி வூட்டுக்காரங்க. அது நிலைத்துவிட்டது.

கோமதி எங்கள் சென்டருக்கு ஆபரேட்டராக வந்தது 2003இல். பெரணமல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு முடித்தவள், விவசாயக் குடும்பம். வந்த புதிதில் அதிகம் பேசமாட்டாள். ஊடையில் டிசைன் போடலாமே தவிர, அதிலிருந்து நேரே அட்டை அடிக்கும் மெஷினை ஓட்ட முடியாது. டிசைனை அச்சடித்து, அதைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஏன் நேராகப் போகக் கூடாது என்று அவள் கேட்டாள். யாரும் எழுதவில்லை என்றேன். மழைக்காலம் முழுவதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அவளே எழுதினாள். பிளாப்பியில் எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போய் நாகராஜின் மெஷினில் ஓட்டிப் பார்ப்பாள். முதல் அட்டை முழுவதும் ஓட்டையாக வந்தது. தேங்காய் துருவ ஆகும் என்றான் நாகராஜ். தை பிறப்பதற்குள் ஒரு முழு பார்டர் பிழையில்லாமல் வந்தது.

பேட்சை முறைப்படி அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் ரகுவிடமிருந்து ஒரு சொல் வந்தது: சேர்த்தாயிற்று. மாடி வீட்டிலிருந்து அந்தச் சொல் வந்த நாட்களில் லேபில் டீ என் செலவு.

அடுத்த வருடமே தகராறு. நால்வரில் ஒருவர் அவள் நிரலைச் சுத்தம் செய்கிறேன் என்று, ஒவ்வொரு ஓட்டைக்கும் பிறகு மெஷின் தயாரா என்று கேட்டுக் காத்திருக்கும் பகுதியை எடுத்துவிட்டார். மெஷினும் பிரிண்டர் வயரில்தான் ஓடும் என்பதால் அவர் தன் வீட்டுப் பிரிண்டரில் சோதித்தார்; அந்தப் பகுதி இல்லாமலே ஓடியது. நாகராஜின் மெஷினில் அங்கங்கே ஓட்டை விழாமல் போனது. ஓர் ஓட்டை விழாவிட்டால் ஓர் இழை எழும்பாது. சேலை நெடுக பார்டரில் கீறல் போல ஒரு கோடு ஓடும். நல்ல வேளையாக அட்டையிலேயே கண்டுபிடித்துவிட்டோம். கோமதி எழுதினாள். எங்களிடம் அப்படி நடக்கவில்லையே என்று பதில். மெஷின் இல்லாத இடத்தில் எப்படி நடக்கும்? பல மடல்களுக்குப் பிறகு எடுத்ததைத் திரும்பச் சேர்த்தார்கள். நியாயமாகச் சொன்னால், எடுக்கப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று முன்கூட்டியே மடற்குழுவில் அறிவித்திருந்தார்கள். நீளமான ஆங்கில மடல். எங்கள் பக்கத்தில் ஒருவரும் கடைசி வரை படிக்கவில்லை. அவர்கள் கேட்டோம் என்றார்கள், நாங்கள் கேட்கவில்லை என்றோம். இரண்டு பேச்சும் உண்மை.

இதெல்லாம் சில்லறைத் தகராறு. பெரிய விஷயம் 2006இல் வந்தது.

நெசவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, ஊடையில் முழுநேரம் வேலை செய்ய ஒருவருக்கு ஒரு வருடம் சம்பளம் தருவதாகச் சொன்னது. இருக்கிற ஊரிலிருந்தே செய்யலாம். ஒரே நிபந்தனை, திட்டக்குழு, அதாவது சென்னை நால்வர், அந்த ஆளைச் சிபாரிசு செய்ய வேண்டும். எங்கள் எல்லோருக்கும் கோமதி ஞாபகம்தான் வந்தது. அவளுக்கு அது அப்போது எவ்வளவு தேவை என்றும் எனக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திறந்த கம்பெனிகளின் பஸ்கள் அந்த வருடம் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் வரை வர ஆரம்பித்திருந்தன. அவள் அக்கா அதில் போய்க்கொண்டிருந்தாள். டிசைன் சென்டர் சம்பளம் பஸ்ஸுக்கும் டீக்கும்தான் சரியாக இருக்கிறது, நீயும் அக்காவோடு போ என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கணக்கு அவர் பக்கம்தான். இந்த வேலை கிடைத்தால் போகவேண்டாம். கிடைக்காவிட்டால் ஆடி மாதத்தோடு கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போக வேண்டும்.

விண்ணப்பித்தாள். பதிவில் உங்கள் பெயரில் கமிட் எதுவும் இல்லை, சிபாரிசு செய்ய இயலாது என்று பதில் வந்தது.

உண்மைதான், இல்லை. எழுதியவர் யாராக இருந்தாலும், உள்ளே சேர்த்தவரின் லாகினைத்தான் அந்தச் சர்வர் பதிந்துகொள்ளும். அட்டை அடிக்கும் பகுதி முழுவதும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ரகு, ரகு, ரகு என்றுதான் இருந்தது. அவருக்கு மெஷின் எந்தப் பக்கம் திரும்பி இருக்கும் என்றே தெரியாது.

ஆரணி கொதித்தது. குழுவோடு வெளியேறுவோம் என்று முருகேசன் சார் மடல் போட்டார். நேரில் பேசலாம் என்று ரகு பதில் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தே விட்டார். நாங்கள் நினைத்ததைவிட இளைஞர். ஜலதோஷம் வேறு, வெந்நீர் கேட்டார். முருகேசன் சார் போர்த்திய சால்வையை அழகாக மடித்து மேஜையில் வைத்துவிட்டு, சொல்லுங்க என்றார்.

நாகராஜ்தான் ஆரம்பித்தான். "மூணு வருசமா அனுப்பிகினு இருக்கோம் சார். உள்ள போறதெல்லாம் உங்க பேர்லயே போவுது. ஒழைக்கிறது இங்க, பேரு அங்கயா?"

"சிஸ்டம் அப்படிங்க. எழுதினவங்க பேருக்கு அதுல தனியா இடம் இல்ல" என்றார் ரகு.

"குறிப்பு எழுத இடம் இருக்குதே" என்றாள் கோமதி.

"இருக்கு. எழுதற பழக்கம் எங்களுக்கு இல்ல."

"அட்டை அடிக்கிற கோட் யாருது சார்?"

"உங்களோடதுதான். அதுல எனக்குச் சந்தேகமே கிடையாதுங்க."

"அப்ப அத அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. எனக்கு அது போதும்."

ரகு வெந்நீரைக் குடித்துக்கொண்டே யோசித்தார். "கமிட் இருக்கறவங்களுக்குத்தான் சிபாரிசுன்னு ஓட்டுப் போட்டு வச்ச ரூல். நான் தனியா போட்டது இல்ல. ஒருத்தருக்காக மாத்தினா அப்புறம் ரூலே இல்லாம போயிடும்."

"அந்த ஓட்டு யாரெல்லாம் போடலாம்?"

"கமிட் இருக்கறவங்க."

லேபில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ரகுவும் லேசாகச் சிரித்தார், அதில் என்ன வேடிக்கை என்று அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. நான் எழுந்து, எந்தப் பேட்ச் எந்தத் தேதியில் இங்கிருந்து போனது என்று டைரியைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். அவர் மரியாதையாகக் கையைக் காட்டி, சார், நான் எதையும் மறுக்கவே இல்லையே என்றார். உட்கார்ந்துவிட்டேன். வருடக்கணக்காகத் தேதி எழுதி வருகிறவனுக்கு அதைவிட ஓர் அவமானம் இல்லை. உண்மையை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதை வைத்துச் செய்யத்தான் ஒன்றும் இல்லை.

கடைசியில் ரகு ஒரு வழி சொன்னார். ஆரணிக்கு ஒரு லாகின் தருகிறோம், கமிட் உரிமையோடு. இனி உங்கள் வேலையை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், பதிவு வந்துவிடும், சிபாரிசுக்கும் தடை இருக்காது. கோமதி, அதை என் பெயரிலேயே தரலாமே என்றாள். ரகு வாயைத் திறப்பதற்குள் முருகேசன் சார், குழுவுக்குத் தருவதுதான் முறை என்று எழுந்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிரியாணி வந்தது. கோமதி சாப்பிடாமல் நான்கு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பாஸ்வேர்டு முருகேசன் சாரிடம் போனது. அடுத்த ஞாயிறே ஆரணிக் குழுவுக்குள் மூன்று பேர் கமிட்டி ஒன்று உண்டானது. அவர், அவருடைய துறையில் வேலை பார்க்கும் இன்னொரு விரிவுரையாளர், ஒரு பட்டுக் கடை முதலாளியின் மகன். மூன்றாமவர் ஊடையைத் திறந்து பார்த்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

பேட்ச் இனி கமிட்டிக்குத்தான் வர வேண்டும் என்றார்கள். வர வேண்டிய விதம்தான் விசேஷம். முருகேசன் சாருக்கு இருபது வருடமாக மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பழக்கம். பேட்சும் அப்படியே வேண்டுமாம். வலது பக்கம் நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு. இடது பக்கம் படம். நிரலைத் தாளில் அச்சடித்துக் கூடவே குத்த வேண்டும். வியாழக்கிழமை ஸ்டாப் ரூமில் கொடுத்தால், திருத்தி, கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகு அவரே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அடிப்பார். அடிக்கும்போது பிழை விழும். அந்தப் பிழைக்கு இன்னொரு ரெக்கார்டு எழுத வேண்டும். கோமதி ஒரு முறை கருவிகள் என்ற இடத்தில் "கை, கண்" என்று எழுதிக் கொடுத்தாள். சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது.

நாகராஜ் சொன்னான்: "மாடி நம்ம ஊர்லயே கட்டிக்கினாங்க. இன்னா ஒண்ணு, மெட்ராஸுக்கு பஸ் செலவு மிச்சம்."

சிபாரிசுக்கான கடைசித் தேதி நெருங்கியது. சென்னை தன் வார்த்தையைக் காப்பாற்றியது. ஆரணி லாகினில் கமிட் இருக்கிறது, அந்த லாகினில் உழைத்தவர் யார் என்று ஆரணி சொன்னால் அவரைச் சிபாரிசு செய்கிறோம் என்று ரகு எழுதினார். கமிட்டி கூடியது. ஊடையில் ஆரணி செய்தது கூட்டு உழைப்பு. அதில் ஒரு தனிநபரின் பெயரைச் சொல்வது குழு உணர்வுக்கு எதிரானது. எனவே யாரையும் குறிப்பிட இயலாது என்று தீர்மானம் போட்டார்கள்.

நான் ஸ்டாப் ரூமுக்குப் போனேன். அவள் ஒருத்திதானே சார் விண்ணப்பித்திருக்கிறாள் என்றேன்.

"இருக்கட்டும் தாமோதரன். நாளைக்கு மத்தவங்க மனசு கஷ்டப்படும் இல்ல?"

"மத்தவங்க யாரு சார்?"

"பொதுவா சொல்றேன்."

அந்தப் பொதுவைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். சென்னையில் விதி வழி மறித்தது, ஆரணியில் தத்துவம். ரகு கடைசி நாள் வரை காத்திருந்தார். பிறகு, பெயர் வரவில்லை, வருந்துகிறோம் என்று மடற்குழுவில் எழுதினார். நிறுவனம் அந்தப் பணத்தை வேறெதற்கோ திருப்பிவிட்டது. வேலை ஒருவருக்கும் கிடைக்கவில்லை. இதில் கமிட்டிக்கு ஒரு திருப்திகூட இருந்தது: யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை அல்லவா?

கோமதி முதலாளியிடம் மாதக் கடைசியோடு நின்றுவிடுவதாகச் சொன்னாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. அந்த மாதம் முழுவதும் சாப்பாட்டு நேரத்தில் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வாரம்தான் அது என்னவென்று தெரிந்தது. ஊடையிலிருந்து அட்டை அடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, தனியாக ஓடும்படி செய்து, இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு சர்வரில் தன் லாகினில் போட்டு வெளியிட்டிருந்தாள். எடுப்பதற்கும் மாற்றுவதற்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பதுதானே அந்த மென்பொருளின் உரிமமே. கோப்பின் தலையில் பெ. கோமதி, பெரணமல்லூர் என்று போட்டு, கீழே, ஒரே ஒரு வரி சொல்லி உதவியவர்கள் வரை எல்லோருடைய பெயரும் இருந்தது. நாகராஜ் பெயர், என் பெயர், முருகேசன் சார் பெயர்கூட.

அன்று நடந்ததை நான் மறக்கமாட்டேன். வருடக்கணக்காக எதிலும் ஒத்துப்போகாத சென்னையும் ஆரணியும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்துவிட்டன. திட்டத்தைப் பிளக்கும் செயல் என்று கூட்டு அறிக்கை தயாரானது. அதில் கையெழுத்து வாங்க முருகேசன் சார் எங்கள் சென்டருக்கே வந்தார். கோமதி பக்கத்து அறையில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"அவ செஞ்ச தப்பு இன்னா சார்?" என்றேன்.

"சொல்லாம கொள்ளாம வெளியிட்டா இல்ல?"

"யாராண்ட சொல்லணும்?"

"கமிட்டியாண்ட."

"அவ கமிட்டியில இல்லயே சார்."

"அதத்தானே நானும் சொல்றேன். கமிட்டியிலயே இல்லாத பொண்ணு இதெல்லாம் செய்யலாமா?"

அவர் நீட்டிய பேனாவைக் கையெழுத்துப் போடாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு போனார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

அவளுடைய கடைசி நாள் சனிக்கிழமை. மத்தியானம் அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, ரகு சார் பேட்ச் அனுப்பியிருக்காரு."

"எதுக்கு?"

"என்னோடதுக்கு."

போய்ப் பார்த்தேன். புதிதாக வரும் கம்ப்யூட்டர்களில் பிரிண்டர் வயர் செருகும் இடம் வேறு மாதிரி இருப்பதால் அவளுடைய மென்பொருள் அங்கே மெஷினைக் கண்டுபிடிக்காமல் நின்றுவிடுமாம். அதற்கு ஒரு திருத்தம். முறைப்படி, ஒரே ஒரு திருத்தம், மடலுக்குள்ளேயே ஒட்டியது. அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தப்பு ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. சுத்தமா இருக்கு. காலைல நாகராஜ் அண்ணன் மெஷின்லயே ஓட்டிட்டுதான் வந்தேன்."

"அப்புறம் இன்னா?"

"அந்த அறிக்கையில மொத பேரே அவருதுண்ணா."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். பிறகு பக்கத்து அறையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது, எழுந்து போனேன். திருத்தத்தை உள்ளே சேர்த்துவிட்டு, கோப்பின் தலைக்குப் போய், தன் பெயருக்கு அடுத்த வரியில் ரகு என்று அடித்திருந்தாள். அடித்துவிட்டுத் திரும்பினாள்.

"அவரு இனிஷியல் இன்னாண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருட மடல்களிலும் அவர் லாகின் பெயர் மட்டும்தான். முருகேசன் சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். இப்போது அது எதற்கு என்றார். நாகராஜுக்கும் தெரியவில்லை. வெறும் ரகு என்று போட்டால் போதுமே என்றேன்.

"ஊர்ல எத்தினி ரகு இருக்காங்க. எந்த ரகுன்னு தெரிய வேணாமா?"

இனிஷியலுக்கு இடம் விட்டுச் சேமித்துவிட்டு, கேட்டு ஒரு மடல் எழுதினாள். பதில் வந்தால் போட்டுவிடுங்கள் என்று தன் பாஸ்வேர்டை என்னிடம் சொன்னாள். திங்கட்கிழமை அக்காவோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினாள்.

பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. எம் என்று அடித்து, ஒரு புள்ளி வைத்துச் சேமித்தேன். அவள் லாகினில் அடித்ததால் அதையும் கோமதி செய்ததாகத்தான் அந்தச் சர்வர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.